சுத்தக்காரி என்று பெயரெடுத்தவள்

சங்கரன்கோவிலில் ஆவுடையம்மாளைச் சுத்தக்காரி என்று சொல்லாத வாய் கிடையாது. அந்தப் பெயரை முதலில் வைத்தவள் அவளுடைய மாமியார் அன்னப்பழம். மகன் சுயம்புலிங்கத்துக்குப் பெண் பார்க்க வாசுதேவநல்லூர் போன இடத்தில், காப்பி ஊற்றுவதற்காகக் கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்களை அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் கழுவினாள். கழுவிக் கொண்டுவந்து வைத்தவள், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய் இன்னொரு தடவை கழுவினாள். வேறு யாராவது பார்த்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு என்னமோ கோளாறு என்று யோசித்திருப்பார்கள். அன்னப்பழத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"கழுவுன தம்ளரையே மறுக்கா கழுவுதா. இவதான் எம் மருமவ. வேற எடம் பாக்க வேண்டாம்" என்று அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றச் சொல்லிவிட்டாள்.

நடந்தது இதுதான்: அந்த ஒரு தம்ளரின் விளிம்பில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்துபோனது. அது அதற்கு முன்னால் எதன்மேல் உட்கார்ந்திருக்கும் என்ற எண்ணம் வந்ததும் ஆவுடையம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் பெண்ணின் அடக்கத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்கள். பெண் குனிந்த தலை நிமிராமல் அந்த ஈ எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நோயைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பெண் எடுத்த குடும்பம் இந்தத் தாலுகாவிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சுயம்புலிங்கத்துக்கு வத்தல் கமிஷன் கடை. முன்னால் கடை, நடுவில் சாக்கு அடுக்கிய குடோன், பின்னால் வீடு. மிளகாய் வத்தலின் நெடி சுவரில் ஊறிப்போயிருந்தது. காட்டு ஊர்களிலிருந்து வண்டி கட்டி வருகிறவர்கள் சாக்கை இறக்கிவிட்டு, தூசிக்குத் தும்மி, மூக்கைச் சிந்தித் தூணில் துடைப்பார்கள். வெற்றிலைச் சாற்றை வாசல் ஓரத்தில் துப்பிவிட்டு, வாயைத் துடைத்த அதே கையால் ஒரு குத்து வத்தலை அள்ளிக் காட்டுவார்கள். சுயம்புலிங்கம் அதில் ஒன்றை வாங்கிக் கிள்ளி, விதையை நாக்கில் வைத்துக் காரம் பார்ப்பான். அப்புறம் உள்ளே வந்து, "ஏட்டி, குடிக்கத் தண்ணி கொண்டா" என்பான். ஆவுடையம்மாள் செம்பை நீட்டுவாள். அவன் விரல் செம்பில் படும். அங்கேதான் அவளுக்குத் தொடங்கும்.

அருவருப்பு என்றால் நமக்குத் தெரிந்த அருவருப்பு இல்லை. தெருவில் எலி செத்துக் கிடந்தால் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவோம். அடுத்த தெரு திரும்பினால் மறந்துவிடும். அவளுக்கு எதுவுமே தெருவோடு நின்றதில்லை. எச்சில் கை வத்தலைத் தொட்டது, வத்தல் அவன் விரலைத் தொட்டது, விரல் செம்பைத் தொட்டது, செம்பு பானைத் தண்ணீரைத் தொட்டது, இனி அந்தத் தண்ணீரில் பொங்குகிற சோறு, அந்தச் சோற்றைத் தின்கிற வாய். இந்த வரிசை எங்கேயும் முடியாது. பானையைக் கொட்டிக் கவிழ்த்துக் கழுவினால் கொஞ்ச நேரம் மூச்சு வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் நாள் முழுக்கக் கழுவினாள். அதில் பெருமையும் இல்லை, சுகமும் இல்லை. உடம்பெல்லாம் புழு ஊர்கிறவளைப் போல் இருந்தாள்.

அவள் கழுவுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வலது கை, விரல் இடுக்குகள், பிறகு மணிக்கட்டு, முழங்கை. அதற்குள் யாராவது கூப்பிட்டுவிட்டால் கணக்குக் கெட்டுப்போகும், மறுபடியும் முதலிலிருந்து. சோப்பு கரைந்து விரல் நுனிகள் வெந்த மாதிரி வெளுத்து, அப்புறம் வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசியும். அந்தக் கையோடுதான் அவள் சமைத்தாள்.

இதை ஊர் என்ன செய்தது தெரியுமா? தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஆவுடை கை பட்டால் ஊறுகாய் பூசணம் பிடிக்காது என்று தெருவே எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து இறக்கியது. கோயிலுக்கு மாவிளக்குப் போடுகிற வீட்டுக்காரிகள், "ஆவுடை, நீதான் மா இடிச்சுத் தரணும். எங்க கை அம்புட்டுச் சுத்தம் வராது" என்று கெஞ்சினார்கள். தன் வீட்டுப் பானையையே தொட முடியாமல் தவித்தவள், ஊரார் அரிசியைக் கழுவிக் கழுவி நின்றாள். அன்னப்பழமோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் மருமவ மிதிச்ச எடத்துல சோறு போட்டுத் திங்கலாம்" என்று அளந்துகொண்டிருந்தாள். சொல்லிவிட்டு, அடுப்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சத்தம் வர உறிஞ்சிக் காப்பி குடிப்பாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆவுடையம்மாளுக்குத் தோல் கூசும். மெச்சுகிறவளின் வாயைப் பார்த்தே குமட்டுகிற நிலைமை எந்த மருமகளுக்கும் வரக்கூடாது.

ஏன் இப்படிக் கை வெடிக்கக் கழுவுகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சுயம்புலிங்கமும் கேட்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்குக்கூட ஒரு முயற்சி வேண்டும். அதையும் அவன் செய்யவில்லை. வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் குளிக்கச் சொன்னால் குளித்தான், சட்டையை வெளியே கழற்றச் சொன்னால் கழற்றினான். பிறகு அதுவும் அலுத்துப்போய்ச் சாக்குகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்தான்.

பெண் குழந்தை பிறந்தது. செல்வக்கனி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைப்பேற்றின் ரத்தமும் வாடையும் ஆவுடையம்மாளை ஒரு வழி பண்ணிவிட்டன. பிள்ளை பிறந்த பின்னால் நோய் இரண்டு மடங்காயிற்று. குழந்தை என்பது என்ன? ஓயாமல் கக்குவது, ஒழுகுவது, ஈரமாக்குவது. முதலில் குழந்தையைக் கழுவினாள். கழுவிக் கழுவி அதன் தொடையிடுக்கில் தோல் உரிந்து, குழந்தை வீறிட்டது. அன்னப்பழம் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் ஆவுடையம்மாள் பிள்ளையைத் தொடவில்லை. தொட்டால் கழுவுவாள், கழுவினால் புண்ணாகும். தொடாமல் இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று அவளே முடிவு பண்ணிக்கொண்டாள். பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் வைத்துத் தள்ளிவிடுவாள். குழந்தை அடுத்த அறையில் சிரிக்கும் சத்தத்தைச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தன்னையே பிடிக்காமல் போனது அப்போதுதான். ஈயின்மேல் வந்த அருவருப்பு, எச்சிலின்மேல் வந்த அருவருப்பு எல்லாம் சேர்ந்து அவள்மேலேயே திரும்பியது.

செல்வக்கனி நடக்கக் கற்றதும் அம்மாவைத் தேடி வந்தது. அன்னப்பழம் அதற்கும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள்.

"அம்மைகிட்ட போணும்னா கையைக் கழுவிட்டுப் போ மக்கா. அவ சுத்தக்காரி."

குழந்தை தத்தித் தத்தித் தொட்டிக்குப் போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்து, உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டும். ஆவுடையம்மாள் அடுப்படி நிலையில் நின்றபடி எட்டிப் பார்ப்பாள். நகக்கண்ணில் ஏதோ இருப்பதாகத் தோன்றும். "இன்னும் ஒரு மட்டம் கழுவிட்டு வா" என்பாள். குழந்தை போய்க் கழுவிவிட்டு வரும். மறுபடியும், "இன்னும் ஒரு மட்டம்." கடைசியில் அது அலுத்துப்போய் எங்காவது விளையாடப் போய்விடும். இதை ஒரு விளையாட்டு என்று நினைத்து அன்னப்பழம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணறுகள் தூர் தெரியக் காய்ந்தன. தெருக்குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் வரும். அதற்கு விடிவதற்கு முன்னாலிருந்து குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் காவல் இருப்பார்கள். ஆவுடையம்மாள் ஒரு குடம் பிடிப்பாள், குழாயின் வாயைக் கழுவுவதற்கே அந்தக் குடத்தைக் கொட்டுவாள். அடுத்த குடத்தில் குடத்தைக் கழுவுவாள். பின்னால் நின்ற பொம்பளைகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். அவளிடம் ஊறுகாய் போட்டு வாங்கிப்போன வள்ளித்தாய்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, பிள்ளைக குடிக்கத் தண்ணியில்லாம நாக்கு வறண்டு கெடக்கு. நீ குழாயைக் குளிப்பாட்டிட்டு நிக்க? ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

கோட்டி என்றால் அந்தப் பக்கத்தில் பைத்தியம். அந்தச் சொல் விழுந்ததுதான் தாமதம், தெரு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் சுத்தக்காரி கோட்டிக்காரி ஆகியிருந்தாள். அவள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. அன்றைக்கு எதைச் செய்தாளோ அதைத்தான் பெண் பார்த்த அன்றும் செய்தாள். தண்ணீர் இருந்தவரைக்கும் குணம், தண்ணீர் வற்றினால் நோய். இந்த ஊரின் வைத்திய ஞானம் அவ்வளவுதான். அவளைப் புகழ்ந்த நாக்கும் ஏசிய நாக்கும் ஒரே வாய்க்குள்தான் இருந்தன என்பதை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

அன்னப்பழம் ஒரே நாளில் கட்சி மாறினாள். "வாசுதேவநல்லூர்க்காரன் கோட்டிப் பிள்ளைய எந் தலையில கட்டிட்டான்" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். யாரோ கொழுப்பு என்றார்கள், யாரோ தலையில் எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டால் தெளியும் என்றார்கள். எல்லாரும் அவள் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். பிடித்த ஒவ்வொரு கைக்கும் அவள் பிறகு ஒரு மணி நேரம் கழுவ வேண்டியிருந்தது.

சங்கரநாராயணர் கோயிலில் கோமதி அம்மன் சன்னதி முன்னால் தரையில் ஒரு சக்கரக் குழி உண்டு. மனசு சரியில்லாதவர்களை அதில் உட்கார்த்தி வேண்டிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். ஆவுடையம்மாளையும் ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுபோய் உட்கார்த்தினார்கள். அவளுக்கு அம்மன்மேல் பயமும் பக்தியும் நிறைய உண்டு. ஆனால் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்களின் வேர்வை ஈரம் அந்தக் கல்லில் இருந்தது. அவள் நடுங்கினாள். அந்த நடுக்கத்தைப் பார்த்து, சாமி வந்துவிட்டது என்று கும்பல் நெருங்கியது. பொரிகடலை கொறித்துக்கொண்டு ஒருத்தி, இடுப்புப் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்தபடி இன்னொருத்தி, எட்டிப் பார்ப்பதற்கு வசதியாக அவள் தோள்மேலேயே கை வைத்துக்கொண்டு ஒரு கிழவன். அம்மனைப் பார்த்து நின்றவர்கள்கூட முதுகைத் திருப்பிக்கொண்டு இவளைப் பார்த்தார்கள். ஒருத்தி கஷ்டப்படுவதை வேடிக்கை பார்க்கிறோம் என்ற கூச்சம் ஒரு முகத்திலும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த அருவருப்பு நோயால் வந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திரும்பும்போது எல்லாரையும்போல அன்னப்பழம் கோயில் புற்றுமண்ணை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கினாள். சங்கரன்கோவிலில் அதுதான் பிரசாதம்; நெற்றியில் பூசுவார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள், எந்தச் சீக்குக்கும் தடவுவார்கள். மருமகள் நெற்றியில் அதை அப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து ஆவுடையம்மாள் தலையோடு காலாகக் குளித்தாள். நெற்றியை மட்டும் விட்டுவிட்டாள். அம்மன் மண்ணைக் கழுவிச் சாக்கடையில் விட அவளுக்கு மனசு வரவில்லை. அது காய்ந்து தானாக உதிரும்வரை அப்படியே இருந்தது. இதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அவளும்தான்.

சுயம்புலிங்கத்தின் அக்கா கோமதித்தாயைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்திருந்தது. தோட்டம் துரவு, மாடு கன்று எல்லாம் உண்டு. பிள்ளை மட்டும் இல்லை. விஷயம் கேள்விப்பட்டு வந்தவள், கூடத்தில் நின்றே தீர்ப்புச் சொன்னாள்.

"ஏலே சுயம்பு, பெத்தவ தொடாத பிள்ளைய எதுக்கு இங்கன வச்சிருக்க? நான் கொண்டுட்டுப் போறேன். இவளுக்குச் சரியாச்சுன்னா வந்து வாங்கிட்டுப் போகட்டும். ஆகலைன்னா எம் பிள்ளை."

அந்த மதினியின் மேல் கோபப்பட ஆவுடையம்மாளுக்கு நியாயம் கிடைக்கவில்லை. தொடாதவள்தானே. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே போனாள். சிவகிரி பஸ் நின்றது. ஜன்னலோரம் அத்தை மடியில் உட்கார்ந்திருந்த செல்வக்கனி, கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டியது. "எம்மா, வா" என்றது. ஆவுடையம்மாள் கையைத் தூக்கினாள். ஜன்னலுக்குக் கீழே, யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு ஒரு முழ நீளத்துக்கு ஒழுகிக் காய்ந்திருந்தது. குழந்தையின் கை அதன்மேல் உரசிக்கொண்டிருந்தது. தூக்கிய கை பாதியில் நின்றது. பஸ் கிளம்பும் வரைக்கும் அந்தக் கை அங்கேயேதான் நின்றது. ஒரு பிள்ளையின் விரலுக்கும் பெற்றவள் விரலுக்கும் நடுவில் எவனோ ஒருவனுடைய எச்சில்.

வீட்டுக்கு வந்து அவள் கழுவவில்லை. எதையும் தொடவில்லையே, கழுவுவதற்கு என்ன இருக்கிறது?

ஒரு வருஷம் போயிற்று. கடைக்கு வந்த சிவகிரி வியாபாரி ஒருவர், ஒன்றும் தெரியாமல், "ஒம்ம பிள்ளை கோமதித்தாயை அம்மான்னு கூப்பிடுதே வே, ஊரே சொல்லிச் சிரிக்கு" என்று சுயம்புலிங்கத்திடம் சொன்னது உள்ளே இருந்தவள் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் அவள் கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள நிலையில் வந்து நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்த இடத்துக்கு வந்ததில்லை.

"பாளையங்கோட்டையில கோட்டிக்குப் பாக்குத டாக்டர் இருக்காராம். என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

சுயம்புலிங்கம் தராசைக் கீழே வைத்தான். "ஒனக்குக் கோட்டின்னு நீயே சொல்லுதியா?"

"கோட்டியோ என்னமோ. எம் பிள்ளையை நான் தொடணும்."

திருநெல்வேலி பஸ்ஸில் அவள் உட்காரவே இல்லை. கம்பியையும் பிடிக்கவில்லை. வளைவுக்கு வளைவு யார் மேலாவது விழுந்து, விழுந்த இடத்தை எல்லாம் மனசில் குறித்துக்கொண்டே போனாள். டாக்டருக்கு அன்றைக்கென்று பார்த்து ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அதே கையால் நாற்காலியைக் காட்டினார். அவள் நின்றாள். அவர் வற்புறுத்தவில்லை.

"நின்னுக்கிட்டே சொல்லுங்க. எதைத் தொட்டா என்ன தோணுது?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஈயிலிருந்து ஆரம்பித்து அவள் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் வாயாலேயே அசிங்கங்களை அள்ளிக் கொட்டுகிற மாதிரி இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவில்லை, அடடா என்றும் சொல்லவில்லை. முடிந்ததும் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொன்னார்.

"இது பேயும் இல்ல, திமிரும் இல்ல, சுத்தமும் இல்ல. நோய். ஒரு பயம் வருது, கழுவினா அடங்குது. அடங்குதுன்னு நீங்க நினைக்கிறீங்க. தெருநாய்க்கு ஒரு நாள் சோறு போட்டா மறுநாளும் வாசல்ல வந்து நிக்கும்ல? நீங்க ஒவ்வொரு தடவை கழுவும்போதும் அதுக்குச் சோறு போடுறீங்க. மாத்திரை தாரேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. கையை அழுக்காக்கிட்டுக் கழுவாம உட்காரணும். வயித்தைப் புரட்டும், உயிர் போற மாதிரி இருக்கும். போகாது. தானா இறங்கும்."

"முடியாது" என்றாள் ஆவுடையம்மாள்.

"எல்லா அழுக்கும் வேண்டாம். ஒண்ணு போதும். உலகத்துல எதையாவது கழுவ உங்களுக்கு மனசு வராதா?"

அவள் தன்னையறியாமல் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். "கோயில் புற்றுமண்ணு" என்றாள்.

டாக்டர் வெளியூர்க்காரர். அப்படி என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "அப்ப அதுலயே ஆரம்பிங்க" என்றார்.

இந்த வைத்தியத்தைக் கேட்டு அன்னப்பழம் குதித்த குதியைப் பார்க்கவேண்டுமே! "சுத்தமா இருக்கவளை அசிங்கமா இருக்கச் சொல்லுதான்னா அவனுக்குல்லா கோட்டி!" கழுவுவதைப் பெருமை என்றவள், பிறகு கோட்டி என்றவள், இப்போது கழுவாதே என்று ஒருவன் சொன்னதும் சுத்தத்துக்கு வக்காலத்து வாங்கினாள். அவளுக்கும் ஒரு சீக்கு உண்டு. அதற்குத்தான் எந்த ஊரிலும் டாக்டர் இல்லை.

ஆவுடையம்மாள் தினமும் புற்றுமண்ணை உள்ளங்கையில் குழைத்துப் பூசிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தாள். சாமி மண்தான், ஆனாலும் மண். விரலிடுக்கில் அது காய்ந்து இறுகும்போது உடம்பு முழுக்கக் கூசும். கண்ணில் தண்ணீர் வழியும். துடைக்க முடியாது. கழுவச் சொல்லி ஒரு குரல் மண்டைக்குள் கத்தும், கழுவினால் அம்மனுக்கு ஆகாது என்று இன்னொரு குரல் அதை அதட்டும். இரண்டுக்கும் நடுவில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் தோற்று, தொட்டிக்கு ஓடினாள். சில நாள் வாந்தி எடுத்தாள். வள்ளித்தாய் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இப்பம் மண்ணை வேற பூசிட்டு இருக்கா" என்று யாருக்கோ ஒலிபரப்பினாள். இருந்தாலும், டாக்டர் சொன்னபடியே, ஒரு நாள் அந்த வேகம் தானாக இறங்கியதை அவள் உணர்ந்தாள். கழுவாமலே இறங்கியது. அவள் நம்பாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புற்றுமண்ணோடு கொல்லை மண்ணைக் கொஞ்சம் கலந்தாள். பிறகு கொல்லை மண் மட்டும். பிறகு கதவு நாதாங்கி, வத்தல் சாக்கு, புருஷன் குடித்து வைத்த செம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாசம், இரண்டு மாசம். முழுசாகப் போகாது, சிறுசாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது மெய்தான். கை வெடிப்பு ஆறி, தழும்புகள் மட்டும் மீன் செதில் மாதிரி நின்றன. அடுத்த ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஊர் ஓய்ந்ததும், முந்தியில் ஒரு பொட்டலம் புற்றுமண்ணை முடிந்துகொண்டு, சுயம்புலிங்கத்தோடு சிவகிரிக்குப் பஸ் ஏறினாள். இந்தத் தடவை உட்கார்ந்துதான் போனாள். போகிற வழியெல்லாம் மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிப் பழகுவதுபோல் லேசாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

கோமதித்தாய் வாசலில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கரைத்துக்கொண்டிருந்தாள். தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் பார்த்ததும் முகம் கறுத்தாலும், உபசாரத்தில் குறை வைக்கவில்லை.

"இருங்க, பிள்ளை உள்ள தொட்டிகிட்டதான் நிக்கா" என்றாள். பிறகு சிரித்தாள். "அவளுக்கு அதான சோலி. எந்நேரமும் கையைக் கழுவிட்டே நிக்கா. ஒரு தூசி ஆகாது. தட்டைக் கழுவித்தான் குடுக்கணும், குடுத்ததை மறுக்கா அவ கழுவுவா. தெருவே சொல்லுது, அச்சு அசலா அவ அம்மையைக் கொண்டிருக்கு, சுத்தக்காரின்னு."

பெருமையாகத்தான் சொன்னாள். தான் வளர்த்த பிள்ளையைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொல்கிறார்கள் என்ற பெருமை. ஆவுடையம்மாள் வாழ்நாளில் எத்தனையோ அசிங்கத்தைக் கண்டு அருவருத்தவள். அந்த ஒரு சொல்லைப்போல் எதுவும் அவளுக்குக் குமட்டவில்லை.

அவள் உள்ளே போனாள். செல்வக்கனி தொட்டியோரம் ஒரு பலகையின்மேல் ஏறி நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நன்றாக வளர்ந்திருந்தது. திரும்பிப் பார்த்து, கொஞ்ச நேரம் யார் என்று யோசித்தது. பிறகு அடையாளம் தெரிந்து பலகையிலிருந்து குதித்து ஓடிவந்து, நாலடி தள்ளி நின்றுகொண்டது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டியது. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் வெளுத்து, கணுக்களில் தோல் சிவந்து வெடித்திருந்தது.

"எம்மா, கழுவிட்டேன். தினமும் கழுவுதேன். இப்பம் தூக்குவியா?"

ஆவுடையம்மாள் தரையில் உட்கார்ந்து முந்தி முடிச்சை அவிழ்த்தாள். பொட்டலத்தைப் பிரித்து, மண்ணைத் தன் கையில் கொட்டி, பிள்ளையின் ஈரக் கைகளை இழுத்து அதன்மேல் வைத்துத் தேய்த்தாள். உள்ளங்கையிலும், விரலிடுக்கிலும், நகக்கண்ணிலும், வெடிப்பின்மேலும். மண் குழைந்து இருவர் கையிலும் சேறாக ஒட்டியது. பிள்ளை பயந்துபோய்க் கையை இழுத்தது.

"எம்மா, அழுக்கு."

"அழுக்குதான் மக்கா. இருக்கட்டும்."

அவள் பிள்ளையைத் தூக்கினாள். பிறந்து புண்ணான அந்த நாட்களுக்குப் பிறகு முதல் தடவை தூக்குகிறாள். கனம் தெரியாமல் கொஞ்சம் தள்ளாடினாள். பிள்ளை சேற்றுக் கையோடு கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதற்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதை அம்மாவின் தோளில் அழுத்தித் துடைத்தது. அந்த ஈரம் ரவிக்கையைத் தாண்டித் தோலில் பட்டதும் ஆவுடையம்மாளுக்கு அடிவயிறு சுருண்டு மேலே வந்தது. மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றன. இறக்கி விடு என்று மண்டைக்குள் அந்தக் குரல் அலறியது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நிலையில் வந்து நின்ற கோமதித்தாய், "என்ன ஆவுடை இது, வந்ததும் வராததுமா பிள்ளை மேலெல்லாம் மண்ணாக்கி வச்சிருக்க! சீ, இறக்கி விடு, கழுவுதேன்" என்று செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கிட்ட வராதீங்க" என்றாள் ஆவுடையம்மாள். அவள் அப்படி ஒரு குரலில் பேசி சுயம்புலிங்கம்கூடக் கேட்டதில்லை. கோமதித்தாய் செம்போடு நின்றுவிட்டாள்.

பிள்ளை அம்மாவின் தோளுக்கு மேலாகத் தொட்டியைப் பார்த்தது. "கழுவ வேண்டாமா?" என்று காதுக்குள் கேட்டது.

"வேண்டாம்."

"எப்பம் கழுவணும்?"

ஆவுடையம்மாளும் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது, பிள்ளையின் உடம்பும்தான். இரண்டு பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போகவில்லை.